கண்டாலா ஏற்றத்தில் இரண்டு பேர்

என் ராத்தாவின் கணவரும் நானும் பல மாதங்களாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தபோதுதான், இரண்டு பேரும் ஒரே லாரியில் பூனாவுக்குப் போக நேர்ந்தது. ராத்தா என்றால் அக்கா. எங்கள் ஊர்ப்பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் அது. தாராவியில் எனக்குத் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்று இருந்தது. மச்சானிடம் ஒரு பழைய லாரி. சொந்த லாரி, அவரே ஓட்டுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். காலையில் அவர் பல் தேய்க்கும் சத்தம் எனக்குக் கேட்கும். என் வீட்டில் குழந்தை அழுதால் அவருக்குக் கேட்கும். ஆனாலும் எதிரெதிரே வந்தால் ஒருவர் தரையையும் மற்றவர் கூரையையும் பார்த்துக்கொண்டு போவோம்.

காரணம் என் தம்பியின் நிக்காஹ் விருந்து. எங்களில் நாலைந்து பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அந்தத் தட்டுக்கு சஹன் என்று பெயர். மணமகன் உட்காரும் சஹனில் மச்சானுக்கு இடம் வைத்திருக்க வேண்டும். அதுதான் முறை. அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் அந்த இடத்தில் யாரோ பெண்வீட்டுக்காரர் ஒருவரை உட்காரவைத்துவிட்டார்கள். மச்சான் ஒரு நிமிடம் நின்று பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உட்காரவைத்தது நான்தான் என்று அவர் நினைத்தார். நாலு பேர் முன்னால் எங்களைத் தலைகுனிய வைக்கவே சாப்பிடாமல் போனார் என்று நான் நினைத்தேன். இரண்டு பேருமே மற்றவரிடம் போய்க் கேட்கவில்லை.

பூனா கேம்பில் இருந்த ஒரு கடைக்காரர் கணபதி பண்டிகைக்கு முன்பே பைகள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். பைகள் தயாராகிவிட்டன. ஆனால் வழக்கமாகச் சரக்கு ஏற்றும் லாரிக்காரர் மழையில் மலை ஏற மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். பட்டறையிலும் கூரை ஒழுகியது. இன்னும் ஒரு வாரம் கிடந்தால் தோலில் பூஞ்சணம் பிடித்துவிடும். அந்த நேரத்தில்தான் ராத்தா பட்டறைக்கு வந்தாள்.

"அவுஹளே சொன்னாஹ, மாப்பிள்ளை சரக்கு கெடக்காமே, நான் ஏத்திட்டுப் போறேன்னு. கிளீனர் காய்ச்சல்ல கெடக்கான். நீயும் கூட வரணுமாம்."

"அவரா சொன்னாரு?"

"பின்ன நானா லாரி ஓட்டப் போறேன்?"

அவர் முதலில் இறங்கி வந்துவிட்டார் என்பதால் நான் சம்மதித்தேன். மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் சரக்கை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். ராத்தா ஜன்னல் வழியாக டிபன் கேரியரை நீட்டினாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கேரியர்.

சயான், தாணா, மும்ப்ரா, பன்வேல். அந்தக் காலத்தில் கழிமுகத்தைக் கடக்கப் பாலம் கிடையாது, தாணாவைச் சுற்றித்தான் போக வேண்டும். வழி முழுக்க மழை. கண்ணாடியைத் துடைக்கும் கம்பி அவர் பக்கம் மட்டும் வேலை செய்தது. என் பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுவும் ஒரு வகையில் வசதியாகவே இருந்தது.

மலை அடிவாரத்து ஊரான கோபோலியில் வண்டியை நிறுத்தினார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார். கேரியரைத் திறந்து ரொட்டியும் முட்டையும் பாதி சாப்பிட்டு, மூடி, இருக்கையின் நடுவில் வைத்துவிட்டு இறங்கி டயர்களைத் தட்டிப் பார்க்கப் போனார். நான் மீதியைச் சாப்பிட்டேன். மேல் தட்டில் இருந்த ஊறுகாயை அவர் தொடவே இல்லை. எனக்கு ஊறுகாய் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

கோபோலியில் தொடங்கும் ஏற்றம் கண்டாலாவில் போய் முடிகிறது. அதைத் தாண்டினால் லோணாவாலா, பிறகு பூனா வரை சமவெளி. தூரம் அதிகமில்லை. ஆனால் பாரம் ஏற்றிய பழைய லாரிக்கு அந்த இடம்தான் மொத்தப் பயணமும். மழைக்காலத்தில் பாறைகளிலிருந்து தண்ணீர் நேராக ரோட்டில் கொட்டும். எஞ்சின் கொதித்து வண்டிகள் ஆங்காங்கே நிற்கும். நின்றால் பின்னால் உருளும். அதனால் கிளீனர் கையில் ஒரு முக்கோணக் கட்டையை வைத்துக்கொண்டு வண்டியோடு நடந்தே வருவான். வண்டி நின்றதும் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுக்க வேண்டும், கிளம்பினதும் எடுக்க வேண்டும். அன்று அந்த வேலை என்னுடையது.

இதற்குப் பேச்சு தேவைப்படாது. லாரிப் பலகையில் கையால் ஒருமுறை தட்டினால் கட்டை போட்டாயிற்று என்று அர்த்தம், இரண்டு முறை தட்டினால் போகலாம். ஏற்றத்தில் பாதி தூரம் அப்படித்தான் போனோம். அவர் நிறுத்துவார். நான் கட்டையைப் போட்டுத் தட்டுவேன். எஞ்சின் ஆறும்வரை அவர் உள்ளே பீடி குடிப்பார், நான் வெளியே நனைவேன். எங்களுக்குப் பின்னால் ஒரு பஞ்சாபி டிரைவரின் லாரி வந்துகொண்டிருந்தது.

ஒரு பெரிய வளைவுக்கு முன்னால் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தண்ணீர் ஓடியது. அதில் இறங்கி ஏறியதும் பிரேக் நனைந்து பிடிப்பு விட்டுவிட்டது. வளைவில் வண்டி நின்றது, நின்ற கையோடு பின்னால் நகர ஆரம்பித்தது. நான் கட்டையைப் போட்டேன். ஈர ரோட்டில் கட்டையும் சேர்ந்து வழுக்கியது. காலால் தள்ளிப் பார்த்தேன், நிற்கவில்லை. அப்புறம் மண்டியிட்டு இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துச் சக்கரத்துக்குள் அழுத்தினேன். அப்படிச் செய்யவே கூடாது என்பது எனக்குத் தெரியாது. வண்டி பின்னால் வருகிறது, என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு லாரி நிற்கிறது. அது மட்டும்தான் தெரிந்தது.

"மாப்ளே! கைய எடும்வே! கைய எடும்! சரக்கு போனாப் போவுது!"

நான் கையை இழுத்துக்கொண்டேன். சக்கரம் கட்டை மேல் ஏறப் பார்த்தது, ஏறாமல் நின்றது. கட்டை ஏதோ ஒரு குழியில் சிக்கியிருக்க வேண்டும். பஞ்சாபி டிரைவர் ஓடிவந்து மற்றச் சக்கரத்துக்கு அடியில் ஒரு பாறாங்கல்லை உருட்டிவிட்டார். மச்சான் கியரைப் போட்டு எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து இறங்கினார். வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்திருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு அப்போது பயம் வரவில்லை, அது பிறகுதான் வந்தது.

பஞ்சாபி டிரைவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு மச்சானிடம் கேட்டார்: "உஸ்தாத், யே ஆத்மி கூங்கா ஹை க்யா?" இந்த ஆள் ஊமையா என்கிறார். அடிவாரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"நஹி," என்றார் மச்சான். "மேரா சாலா ஹை."

சாலா என்றால் மனைவியின் தம்பி. பம்பாயில் அதையே வசவாகவும் சொல்வார்கள். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவர் சிரித்துக்கொண்டே தன் வண்டிக்குப் போனார்.

எஞ்சின் ஆற வேண்டியிருந்தது. இரண்டு பேரும் உள்ளே ஏறி உட்கார்ந்தோம். மச்சான் ஈரத் துண்டால் என் கையைச் சுற்றிக் கட்டினார்.

"இந்த வேல தெரியாதுன்னா, எதுக்குவே கூட வந்தே தீருவேன்னு உம்ம ராத்தாட்ட சொல்லிவிட்டீரு?"

"நான் எங்க சொன்னேன்? நீங்கதான் என்னைக் கூப்பிட்டதா சொன்னா."

"நானா? நீரு வந்து அழுதீருன்னுல்லா சொன்னா. மச்சான விட்டா எனக்கு யாரு இருக்கான்னு அழுதானாம்."

"நான் அழவே இல்ல மச்சான்."

அவர் துண்டின் முடிச்சை இறுக்கினார். "அதான பாத்தேன்," என்றார். அவர் கொஞ்சம் ஏமாந்துபோனது போலவும் தெரிந்தது.

மீதி ஏற்றத்தில் அவர் ஓயாமல் பேசினார். கட்டையை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது, கால் எங்கே இருக்க வேண்டும் என்று ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே வந்தார். எனக்குப் பழைய மௌனமே தேவலை என்று இருந்தது.

கண்டாலாவில் ஒரு கீற்றுக் கொட்டகையில் டீ குடித்தோம். கீழே மேகம் பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு கிடந்தது. டீயை ஊதிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அன்னைக்குப் பிரியாணி எப்படி இருந்துச்சு?"

"உப்பு கூடிப்போச்சு மச்சான்."

"நீரு எங்க இருந்தீரு?"

"அடுப்படியில, பிரியாணி தேக்சா பக்கத்துல. சோறு அள்ளிக் குடுத்துட்டு இருந்தேன். பந்தல் பக்கம் வரவே இல்ல."

"ஓ," என்றார். இன்னொரு டீ சொன்னார்.

பூனாவில் கடைக்காரர் ஒரு மூட்டையை மட்டும் ஈரம் பட்டதென்று ஒதுக்கினார், மற்றதை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலியான லாரியில் இறங்கி வந்தோம். இறக்கத்தில் மச்சான் பேசவில்லை, பிரேக்கிலேயே கவனமாக இருந்தார். நானும் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ராத்தாவிடம் நான் ஒருமுறை கேட்டேன், ஏன் இரண்டு பேரிடமும் பொய் சொன்னாய் என்று. "பொய்யா? ரெண்டு பேரும் கேட்டீங்க. எனக்குக் காதுல விழுந்துச்சு," என்றாள். அதற்குமேல் அவளிடம் ஒன்றும் வாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு மச்சானும் நானும் ரொம்ப ஒட்டி உறவாடினோம் என்று சொல்ல முடியாது. அவர் கோபக்காரர், நானும் லேசில் விடுகிறவன் அல்ல. ஆனால் சண்டை வந்தால் சந்தில் நின்று இரண்டு பேரும் வாய்விட்டே சண்டை போட்டோம். கிளீனர் உடம்பு தேறி வேலைக்குத் திரும்பினான். சரக்கு லாரியில் போனது, நான் ரயிலில் போனேன். ரயில் அந்த மலையைக் குகை குகையாகக் கடக்கும். இடையில் வெளிச்சம் வரும்போது எதிர்ச்சரிவில் ரோடு தெரியும். அதில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தால், அதன் பின்சக்கரத்தின் அருகே யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பேன். அந்தத் தூரத்தில் ஒன்றும் தெரியாது.