அடைத்த மடை

வெட்டிய கட்டையிலிருந்து தானாகத் தழைத்து வந்த கரும்பை நான் டிராக்டர் விட்டு உழுதபோது, என் வீட்டுக்காரர் வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"சும்மா வளந்துகினு இருந்த கரும்பு! உனக்கு இன்னா கேடு?"

கேடு ஒன்றுமில்லை. நானாக ஒன்றை விளைவித்து, நானே கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து மனசை அரித்துக்கொண்டிருந்தது. மீதிக் கரும்பை அப்படியே விட்டுவிட்டு, உழுத பாதி நிலத்தில் சம்பங்கிக் கிழங்கு நட்டேன்.

முளைக்கும்வரை சம்பங்கிக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது, கிழங்கு அழுகிவிடும். நான் நட்ட கையோடு கோமுகி அணையைத் திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மடையைத் திறக்காத ஆளே எங்கள் பக்கம் கிடையாது. நான் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம், "தண்ணி வீணா போவுது, தொறந்து வுடும்மா" என்றார்கள். எனக்கே கை பரபரத்தது. கிழங்கு போனால் கரும்பும் போச்சு, காலத்துக்கும் பேச்சு கேட்க வேண்டும். யாராவது நல்லெண்ணத்தில் திறந்துவிடுவார்களோ என்று வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மடை மேலேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

வாய்க்கால் வற்றிய பிறகு ஒரு காலையில் பச்சை முளைகள் எட்டிப் பார்த்தன. வீட்டுக்காரர் குனிந்து பார்த்துச் சிரித்தார். நிமிர்ந்தவர் என் பார்வை போன திசையைக் கவனித்துவிட்டார். அங்கே மிச்சக் கரும்பு நின்றது.

"அந்தப் பக்கம் பாக்காத" என்றார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.