பூஜை அறையில் சிவப்பு விளக்கு

ஃபைபர் இன்டர்நெட் வேலையில் ஒளியைத் தெருமுனை வரை கொண்டுவருவது சுலபம், அதை வாங்கிக்கொள்ளும் பெட்டியோடும் பெட்டிக்குச் சொந்தக்காரரோடும் மல்லுக்கட்டுவதுதான் பாடு. சிலிண்டர் தூக்குகிறவர்களுக்கும் பார்சல் கொண்டுபோகிறவர்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும். நமக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி, வேலையில் வைத்திருப்பது வாடிக்கையாளர் போனில் அழுத்தும் நட்சத்திரம். அது குறைந்தால் டூல்ஸ் பையை ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

பிணைத்த கை

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீடு. எலி கடித்து ஒயர் அறுந்துவிட்டது. பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிறவர் அவர். எனக்காக எதற்குக் காத்திருப்பார்? மேலுறையை உரித்து, உள்ளே இருந்த கண்ணாடி இழையையும் பாவு நூலைப் பிணைப்பதுபோலவே சாம்பல் தொட்டு முறுக்கிவிட்டார்.

பெட்டிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. ஒளி பட்டால் துளி மின்சாரம் கொடுக்கும். பெட்டி அதைப் பெருக்கி, ஒளி வந்ததா வரவில்லையா என்று பார்த்துப் பார்த்துத்தான் உங்கள் சீரியலைக் காட்டுகிறது. இழையின் இரண்டு முனையும் நேருக்கு நேர் உருகி ஒட்டினால்தான் அங்கே ஒளி போய்ச் சேரும். இதையெல்லாம் சொல்லி, முறுக்கை வெட்டி மெஷினில் ஒட்டிக் கொடுத்தேன். அவருக்கு மனசு ஆறவில்லை. இரண்டே நட்சத்திரம் அழுத்திவிட்டுச் சொன்னார்: "ஆயிரக்கணக்குல இழை பிணைக்கிற கைப்பா இது. ஒரு இழை நிக்கலேன்னா உன் இழையிலதான் கோளாறு இருக்குது."

கூடிப்போன ஒளி

அடுத்தது ஒரு பட்டுக்கடை. வீடியோவில் புடவை காட்டி விற்கிறவர்கள், படம் நின்று நின்று வந்தது. வெகுதூரத்து ஒளியையும் பிடிக்கிற பெட்டியை அங்கே மாட்டியிருந்தார்கள், ஒளியை அனுப்புகிற எங்கள் கம்பெனி அறையோ பக்கத்துத் தெருவில். ஒளி ஏகத்துக்கு வந்து விழுந்தால் சில்லு திணறிப்போகும், எது ஒளி எது இருட்டு என்று பிரிக்க முடியாது. ஒளியைக் குறைக்கிற சின்ன அடாப்டர் ஒன்றைச் செருகினேன். படம் சுத்தமாக வந்தது.

ஒழுங்காக வேலை செய்துவிட்டு வாயைக் கொடுத்தேன் பாருங்கள், அங்கேதான் வினை. என்ன செய்தாய் என்று முதலாளி கேட்டார், குறைத்தேன் என்றேன். முழுசுக்கும் காசு வாங்கிக்கொண்டு குறைக்கிறானாம் என்று என்னை நிற்கவைத்துக்கொண்டே கம்பெனிக்குப் போன் போட்டார். சாயந்திரம் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒளி, கிளியெல்லாம் எனக்கு வாணாம்பா. இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா, பையக் குடுத்துட்டுக் கெளம்பு."

வாசற்படி

அந்த இன்னொன்று ஓரிக்கைப் பக்கம், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வீட்டில் காத்திருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, வெளிநாட்டு மகளோடு பேச முடியவில்லை என்றார். செருப்பைக் கழற்றினேன்.

"எந்த ஊருப்பா?"

"மாகறல் சார்."

"மாகறல்ல எங்க?"

காலனி என்றேன். பெட்டி பூஜை அறையில் இருக்கிறதாம். "நீ அங்கயே நின்னு சொல்லு, நான் பண்ணிக்கிறேன்" என்றார். முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

வாசலில் நின்றபடி விசாரித்தேன். வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், ஒயரைக் கழற்றி அதன் முனைக்கும் சந்தனம் வைத்து மறுபடி செருகியிருக்கிறார். இழைக்குள் ஒளி போகிற பாதை முடி கனம்கூட இல்லை, அதன் வாயில் சந்தனம். சில்லுக்கு ஒளி எங்கிருந்து வரும்? உள்ளே விட்டிருந்தால் துடைத்துச் செருகிவிட்டு வந்திருப்பேன். முனை துடைக்க நாங்கள் வைத்திருக்கும் பேனா மாதிரிக் கருவியை நீட்டினேன். கீழே வைக்கச் சொன்னார். வைத்தேன். அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். உலர்ந்த நாடாவால் துடைக்கிற பேனா அது. ஈர நாடா சந்தனத்தைக் குழைத்துப் பூசியது. விளக்கு சிவப்பாகவே நின்றது, அவர் ஒற்றை நட்சத்திரம் அழுத்தினார்.

அவர் திரும்பக் கொண்டுவந்து கீழே வைத்த பேனாவை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஆபீஸில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். சூப்பர்வைசர் டூல்ஸ் பையை வாங்கக் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஆளு வூட்டுக்குள்ளயே வரலன்னு எழுதியிருக்காரு. உள்ள போயி பாக்க உனுக்கு என்னா கேடு?"

ஆக, எங்கள் தொழிலில் வீட்டுக்குள் போகாதவன்மேல் புகார் எழுத இடமிருக்கிறது, போகவிடாதவர்மேல் எழுதத்தான் இடமில்லை.