நாய்க்கு நூற்றெண்பது நாள்

லிஃப்ட்காரருக்கு வெளியே எதிரி என்று ஒருத்தர் கிடையாது. வீட்டுக்குள்தான் ஒருவன் இருந்தான், நாலு காலோடு. மனைவி கல்யாணமாகி வரும்போதே கூட்டிக்கொண்டு வந்த நாய். அவள் அதைக் குட்டி என்பாள். இவர் மனசுக்குள் வைத்திருந்த பெயர் சக்களத்தன்.

இருபது வருடமாக அடுக்குமாடிகளில் நின்றுபோன லிஃப்டைக் கிளப்பிவிடுகிற ஆள். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "ஒண்ணும் ஆகாது, பத்து நிமிஷம்" என்று அத்தனை பொறுமையாகப் பேசுவார். அந்தப் பொறுமையில் கால்வாசிகூட வீடு வந்து சேர்ந்ததில்லை. மனைவி நர்ஸ் வேலைக்கு ஒரு தீவு நாட்டுக்குப் போய் ஒன்றரை வருடம். சாயங்காலமானால் வீடியோவில் கூப்பிடுவாள். எடுத்ததும், "குட்டி எங்கே? காட்டுங்க."

இவர் போனை நாய் மூஞ்சிக்கு நேரே நீட்டிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்வார். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்கட்டுமே என்கிற வீம்பு. கடைசியில் அவள், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்பாள். "ம்" என்பார். வயிறு எரிந்தது பசியால் அல்ல.

பிறகு ஒருநாள், குட்டியை அங்கேயே அழைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அந்த நாட்டுக்குள் நாய் நுழைவதைவிட மனுஷன் நுழைவது சுலபம். தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட சிப் வைக்க வேண்டும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும், ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து நூற்றெண்பது நாள் காத்திருக்க வேண்டும். லிஃப்ட்காரர் தொலைந்தால் சரி என்ற அவசரத்தில் ஊசியை முதலில் போட்டுவிட்டார்.

"சிப் வைக்கறதுக்கு முன்னாடி போட்ட ஊசி செல்லாது சார்," என்றார் கால்நடை டாக்டர். "இதே நாய்க்குத்தான் போட்டீங்கன்னு அவங்க எதை வெச்சு நம்புவாங்க? மறுபடி மொதல்லேருந்து வாங்க."

வந்தார். பொறாமை எவ்வளவு இருந்தாலும் வேலையில் அரைகுறை அவருக்கு ஆகாது. நாய் நின்றால் காது மேலே இடிக்கக் கூடாது என்று விமானத்தில் அனுப்பும் கூண்டை மூன்று தடவை டேப் வைத்து அளந்தார். காகிதங்களைத் தேதிவாரியாகப் பச்சை ஃபைலில் அடுக்கினார். அடுக்கும்போதெல்லாம், எனக்கு இப்படி ஒரு ஃபைல் போட யாருக்காவது தோன்றியதா என்று பொருமினார்.

அவளுக்குத் தோன்றித்தான் இருந்தது. வேலை நிரந்தரமானால்தான் கணவரை அழைக்க முடியும். நிரந்தரமான அன்றே அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டாள். நாய் விமானம் ஏற அப்போது பத்து நாள் பாக்கி. இவர் கடிதத்தோடு விசா ஏஜென்ட் ஆபீசுக்கு ஓடினார்.

"கல்யாணப் பத்திரம் மட்டும் போதாது சார்," என்றாள் அங்கிருந்த பெண். "இந்த ரெண்டு வருஷமும் தொடர்புல இருந்தீங்கன்னு காட்டணும். வீடியோ கால் படம் இருக்கா, ரெண்டு பேர் முகமும் தெரியற மாதிரி?"

மனைவி தினமும் ஒன்று எடுத்து வைத்திருந்தாள். கேட்டதும் போனில் எழுநூறு படம் வந்து விழுந்தது. அந்தப் பெண் தள்ளினாள். நாய். தள்ளினாள். நாய். சிலதில் ஓரமாக ஒரு கட்டைவிரல்.

"இது உங்க நாயோட ஃபைலா சார்?" அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. "இதை அனுப்பினா திரும்பி வந்துடும். இனிமே ஒரு ஆறு மாசம் ஒழுங்கா எடுத்துட்டு வாங்க."

ஆபீஸ் படியிலேயே நின்று மனைவியைக் கூப்பிட்டார். "நீ தினமும் அவனைத்தானே கேட்டே?"

"வேற என்ன செய்யறது? நான் பேசினா ரெண்டே நிமிஷத்துல வெச்சிடறீங்க. குட்டியக் காட்டுங்கன்னாத்தான் அரை மணி நேரம் லைன்ல இருக்கீங்க," என்றாள். "உங்க கட்டைவிரலையாவது பாத்துட்டு இருந்தேன்."

வீம்பு பிடித்துப் பிடித்துத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சக்களத்தன் ஒரு காகிதம் குறையாமல் ராஜா மாதிரி போய்ச் சேர்ந்தான். அன்று சாயங்காலம் இவர் தலை வாரிக்கொண்டு, போனை அலமாரியில் சாய்த்துவைத்து, முழு முகமும் தெரிய உட்கார்ந்து, தானாகவே கூப்பிட்டார். அதற்குள் ஒன்பது படம் சேர்ந்திருந்தது. அன்று பத்தாவது.

அவள் மடியில் அவன் இருந்தான், தலையை அவள் தோளில் வைத்துக்கொண்டு. அந்த நிமிடம் வந்த பொறாமை அத்தனை வருடத்திலும் வந்ததில்லை.

"கொஞ்சம் நிமிருங்க, எடுக்கறேன்," என்றாள்.

"அவனைக் கீழ எறக்கி விடு," என்றார். "உன் முகத்தை மறைக்கறான். படம் செல்லாது."

அவள் சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டாள்.