குளவி கொட்டிய வருஷத்து ஸ்தோத்திர ஆராதனை

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, மறுபடி கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கியிருந்தேன். அந்த வாரத்தில்தான் எங்கள் சர்ச் போதகர், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தார். றக்வானவிலிருந்து பஸ்ஸில் வந்து, தோட்டத்து மேட்டை ஏறியதில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை மா. கர்த்தர் எவ்வளவு உண்மையுள்ளவரா இருந்தாருன்னு நீங்க ஒரு சாட்சி சொல்லணும். சாவு வரைக்கும் போயிட்டு வந்தவங்க நீங்க."

"சரிங்க ஐயா" என்றேன். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே குளவிக்கு மனைவியைப் பறிகொடுத்த அண்ணன் சர்ச்சின் கடைசி வாங்கு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரே, அவருக்கு முன்னால் நின்று என்னவென்று சொல்வது?

அந்த அண்ணனின் மனைவியும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு நான் வந்த புதிதில் என் கை வேகம் போதாது. மேற்பார்க்கிற கங்காணி அந்தப் பக்கம் திரும்பியதும் அந்த அக்கா தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி என் கூடையில் போடுவார். போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போலப் பாட்டை முணுமுணுப்பார். சர்ச்சிலும் பக்கத்தில்தான் உட்காருவோம்.

குளவி கொட்டிய அன்று காலை நிழல் மரத்திலிருந்த கூட்டைப் பருந்து கலைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்டது இரைச்சல் மட்டும்தான். "குளவிடி! ஓடுங்க!" என்று முதலில் கத்தியது அக்கா. ஓடும்போது கால் தடுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாக்கை உருவித் தலையோடு போர்த்துவதற்குள் முகமெல்லாம் கொட்டிவிட்டன; தண்ணீரும் சேறுமாக அப்படியே கிடந்தேன். அக்கா மேட்டுப் பக்கம் ஓடினார். குளவிகள் அவர் பின்னால் போயின.

எங்கள் இரண்டு பேரையும் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். டிரைவர் சிங்களவர். "பய வென்ன எபா நங்கி!" பயப்படாதே தங்கச்சி என்று திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே அந்த வளைவுகளில் ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் என்னை ஒரு பக்கமும் அக்காவை இன்னொரு பக்கமும் தள்ளிக்கொண்டு போனார்கள். கண் விழித்ததும் அக்கா எங்கே என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் என் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

நான் பிழைத்தது கர்த்தருடைய உண்மை என்றால், அக்கா போனதற்கு என்ன பெயர்? ஜெபிக்க முழங்கால் போடும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கீழ் டிவிஷனில் ரப்பர் பால் வெட்டுகிறவர். அப்போதுதான் குளித்துவிட்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றாலும் கேட்காமல் பாலில்லாத பிளேன்டீ ஊற்றித் தந்தார். சீனி அதிகம். அளவு இன்னும் பிடிபடவில்லை போல.

"ஐயா என்னைய சாட்சி சொல்லச் சொல்லிருக்காருண்ணே. ஒங்களுக்கு முன்னால எனக்கு வாய் வராது. முடியாதுன்னு சொல்லிறவா?"

அவர் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

"தங்கச்சி, ஒன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. நான் இப்ப சர்ச்சுக்கு வர்றது நன்றி சொல்ல இல்ல. ஞாயித்துக்கிழமை இந்தக் காம்பராவுல தனியா இருக்க முடியல, அதான் வர்றேன். ஆண்டவர் மேல எனக்கு அவ்வளவு கோவம்."

"எனக்கும் வெளங்கல அண்ணே."

"நீ பொழச்சதுக்கு எனக்கு வயித்தெரிச்சல் இல்ல. அவ இருந்தா அவளே மொத ஆளா ஸ்தோத்திரம்னு சொல்லிருப்பா. நீ சொல்லு. ஆனா என்னைய காப்பாத்துனாருன்னு மட்டும் சொல்லிட்டு ஒக்காந்துறாத. அவளையும் சொல்லு. செத்த வீடு முடிஞ்சதோட எல்லாரும் அவ பேச்சையே விட்டுட்டாங்க. நான் வந்தாலே வேற கத பேசுறாங்க."

மறுநாள் சர்ச் நிறைந்திருந்தது. பலிபீடத்துக்கு முன்னால் வாழைக்குலை, பலாக்காய், கீரைக்கட்டு என்று வீட்டுக்கு வீடு கொண்டுவந்த காணிக்கைகள். போதகர் என்னை அழைத்ததும் எழுந்து முன்னால் போனேன். குளவி கலைந்ததையும், யார் கத்தியதால் நாங்கள் ஓடினோம் என்பதையும் சொன்னேன்.

"நான் இருக்கேன், அக்கா இல்ல. ஏன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன். நான் உசுரோட இருக்கறதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இத்தன வருஷம் அந்த அக்காவை என் பக்கத்து நிரையில வச்சதுக்கும் ஸ்தோத்திரம்."

பிறகு அந்தக் கூடைக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வழக்கமாகச் சாட்சி முடிந்ததும் எல்லோரும் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்வார்கள். அன்று தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தவறாகப் பேசிவிட்டேனோ என்று முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா எழுந்தார். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு வேளையும் கஞ்சி கொண்டாந்து குடுத்தது அந்தப் புள்ளதான்" என்று சொல்லி அழுதுவிட்டார். அவரைத் தொடர்ந்து இன்னொருவர். அக்கா கங்காணியைச் சிங்களத்தில் நக்கல் செய்ததை ஒருத்தி சொன்னபோது சர்ச்சே சிரித்தது. போதகர் பிரசங்கக் குறிப்பை பைபிளுக்குள் மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிவந்து, கடைசி வாங்கில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் எழுந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. முன் வாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோவம் போகலங்க ஐயா. பொய் சொல்லக் கூடாது. ஆனா அவள எனக்குக் குடுத்தாரே, அதுக்கு ஸ்தோத்திரம்."

அதற்குத்தான் சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. ஆண்கள், பெண்கள், ஒன்றும் விளங்காத சின்னப் பிள்ளைகள்வரை எல்லோரும். அவரால் சொல்ல முடியாத மிச்சத்தை நாங்கள் சேர்ந்து சொன்னது போல எனக்கு இருந்தது. என் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் என்னால் ஜெபிக்க முடிந்தது.

ஆராதனைக்குப் பிறகு சபைச் சாப்பாடு முடிந்து இறங்கும்போது அண்ணன் சர்ச் படிக்கட்டில் எனக்காக நின்றிருந்தார்.

"லொறியில வர்றப்ப அவ ஏதாச்சும் பேசுனாளா? இத்தன நாளா கேக்கப் பயமா இருந்துச்சு."

அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"என் கையப் புடிச்சிக்கிட்டுத்தாண்ணே இருந்தாங்க. 'எனக்கு ஒண்ணுமில்லடி, ஒன் மூஞ்சிதான் பூசணிக்கா மாதிரி இருக்கு'ன்னாங்க."

அவர் சிரித்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பாதியில் அது அழுகையானது. "அவ அப்பிடித்தான்" என்றார். "அவ அப்பிடித்தான் தங்கச்சி." தூறல் விடும்வரை இரண்டு பேரும் அந்தப் படியிலேயே அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.