சூடம் அணைத்த கை

வெண்மதி முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது. மேஸ்திரி கைதட்டி விரட்டினால், "மாட்டையா ஓட்டுற?" என்று திருப்பிக் கேட்பாள். அப்பா வைத்திலிங்கம் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. இரண்டாயிரத்து ஒன்றில், மழைக்காலத்தில், அவள் வயிறு பெருக்கத் தொடங்கியது.

"அஞ்சு மாசம் இருக்கும்போல, ஆதி. நீ இன்னும் தூங்கிக்கினு இருக்கியா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கமலா.

தாய் ஆதிலட்சுமி மகளைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். கமலாவும் கூடப் போனாள். எரியும் சூடத்தை வெண்மதி உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"எவன்கூடவும் போகலம்மா. போதுமா?"

தாய் நம்பினாள். பண்ருட்டி கிளினிக் ஒன்றில் சிறுநீர் சோதிக்கும் அட்டையில் இரண்டு கோடுகள் விழும்வரைதான் அந்த நம்பிக்கை.

"சாமி முன்னாடியே பொய் சொல்லிட்டியேடி!"

"வயிறு வலிக்குதுன்னு சொல்றேனே, அத யாராச்சும் கேட்டீங்களா?"

கிளினிக்கில் அவள் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மணமாகாத பெண்ணுக்கு வயிறு வீங்கினால் காரணம் ஒன்றுதான் என்று படித்தவர்களும் முடிவு கட்டியிருந்தார்கள். ஓர் அட்டைக்கு இருந்த மதிப்பு அவள் வாய்க்கு இல்லை. வைத்திலிங்கம் அவளை வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் அடைத்தான். கருவைக் கலைக்கக் கஷாயம் புகட்டினார்கள். இருமலில் ரத்தம் வந்த பிறகே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தது. சினைப்பையில் பெரிய கட்டி. டாக்டர் லிடியா மெல்லிய ஊசியை அதில் செலுத்தி, உறிஞ்சிய துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு தாயைக் கூப்பிட்டார்.

"இது கொழந்தை இல்லம்மா. முட்டை உண்டாகுற செல்லுலேர்ந்து வளந்த புத்துநோய். கர்ப்பத்துல சுரக்குற அதே ஹார்மோன் இதுலயும் சுரக்குது. அதனாலதான் கோடு விழுந்திருக்கு. சின்னப் பொண்ணுங்களுக்கு வர்றதுதான். சீக்கிரம் வந்திருந்தா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம்."

"அப்ப எம்பொண்ணு..."

"உங்க பொண்ணு சொன்னது உண்மை."

ஆதிலட்சுமி வார்டுக்கு ஓடிவந்து சொன்னாள்.

"எனக்குத்தான் தெரியுமே," என்றாள் வெண்மதி. "கமலா அத்தைகிட்ட போய்ச் சொல்லு."

மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கட்டி ஏற்கெனவே நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அவள் பிழைக்கவில்லை.

சாவுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "கட்டிதாங்க, ஊசி குத்திப் பாத்துட்டாங்க," என்று ஆதிலட்சுமி சொல்லிக்கொண்டிருந்தாள். கமலா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எதுவா இருந்தா என்ன, ஆதி? மானம் போறதுக்குள்ள போய்ச் சேந்துட்டா."

ஆதிலட்சுமி அவளை உதறினாள். பிணத்தின் வலது கையை எடுத்து விரித்தாள். உள்ளங்கையில் சூடம் சுட்ட தழும்பு கறுத்திருந்தது.

"அன்னிக்கு நீயும்தானக்கா கோயில்ல நின்னுக்கினு இருந்த? இந்தக் கைய நாம ரெண்டு பேருமே நம்பாமப் போயிட்டமே."

"நேரமாவுது, தூக்குங்கப்பா," என்றது வாசலில் ஒரு குரல்.