பன்னிரண்டு புள்ளி எட்டு

கல்லூரியில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். இருபத்தாறு வருஷமாகப் பெண்கள் ஓட்ட அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். அவரும் ஒரு காலத்தில் ஓடியவர்தான். பெரிதாக எதையும் ஜெயித்ததில்லை. நாலாவதாக வருவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துவிட்டால் கதையே வேறு. துப்பாக்கிச் சத்தம் காதுக்கு வரும்வரை காத்திருக்க மாட்டார். புகையைக் கண்டதுமே பொத்தானை அழுத்திவிடுவார். அவர் எடுத்த நேரத்தை மற்றக் கல்லூரிக்காரர்கள்கூட மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வார்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த பெண்களுக்கு வருஷம் ஒருமுறை சோதனை ஓட்டம் உண்டு. நூறு மீட்டரைப் பன்னிரண்டு புள்ளி ஆறு நொடிக்குள் ஓட வேண்டும். தவறினால் படிப்பும் போச்சு, விடுதி இடமும் போச்சு. நேரம் எடுப்பது, பதிவேட்டில் எழுதுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் மாஸ்டர்தான்.

அந்த வருஷம் அணியே மந்தமாகத்தான் இருந்தது. எல்லோருமே போன வருஷத்தைவிடப் பின்தங்கியிருந்தார்கள். போனும் கையுமாகத் திரிந்தால் இப்படித்தான் ஆகும் என்று மாஸ்டர் திட்டித் தீர்த்தார். தும்பி என்று அவர்கள் கூப்பிடும் இரண்டாம் வருஷப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் பத்து ஓட்டம் கூடுதலாக ஓடுவாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள்.

சோதனை நாளன்று ஓடி முடித்ததும், இடுப்பில் கைவைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தாள் தும்பி. வாட்சில் பன்னிரண்டு புள்ளி எட்டு. அரைமணி கழித்து மறுபடி ஓட விட்டார். அதே எட்டு.

குண்டு எறிதலுக்குப் பயிற்சி தரும் அம்மாள் அவரைத் தனியே அழைத்தாள். "ரெண்டு புள்ளிதானே மாஸ்டர். ஆறுன்னு எழுதிடுங்களேன்."

"எழுதிட்டா அப்புறம் இந்த நோட்டுக்கு என்ன மதிப்பு?" என்றார் மாஸ்டர். கையெழுத்தும் போட்டார். இரண்டு நாளில் தும்பி அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். அழவில்லை. நல்ல பெண், புரிந்துகொண்டாள் என்று மாஸ்டர் வீட்டில் சொன்னார்.

ஆறு வாரம் கழித்துக் கல்லூரிகளுக்கிடையே போட்டி. அங்கே நேரம் எடுத்தது மெஷின். மாஸ்டர் கையில் எப்போதும் பன்னிரண்டு புள்ளி ஆறில் தட்டுத்தடுமாறித் தேறிய பெண், பன்னிரண்டு புள்ளி நாலில் ஓடி முடித்தாள். அணி துள்ளிக் குதித்தது. மாஸ்டர் மட்டும் அசையாமல் நின்றார். கையால் எடுக்கும் நேரம் எப்போதும் மெஷினைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். எந்தப் பயிற்சியாளருக்கும் தெரிந்த சங்கதி இது. இங்கே தலைகீழாக வந்திருந்தது.

மறுநாள் காலை குண்டு எறிதல் அம்மாளிடம் இன்னொரு வாட்சைக் கொடுத்துப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். ஐந்து ஓட்டம் எடுத்தார்கள். ஐந்திலும் அவருடைய வாட்ச் மூன்று புள்ளி கூடுதலாகக் காட்டியது. வாட்சை மாற்றிப் பார்த்தார்கள்; அப்போதும் அவர் கையில் இருந்ததுதான் கூடுதலாகக் காட்டியது. தொடக்கத்தில் கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது. கோட்டருகே மறுபடி அழுத்தும்போதுதான் அது யோசித்தது. அந்த அம்மாள் வாட்சைப் பார்க்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சொன்னபோது அவர் மனைவிக்கு அதிர்ச்சிகூட இல்லை. "நாலு மாசமா உங்க சட்டைப் பொத்தானை யார் போட்டு விடறது? வயசாச்சுன்னு சொன்னீங்க, நானும் நம்பிட்டேன்."

நரம்பு டாக்டர் அவரைத் தாளில் ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்துக்கள் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போயின. உடம்பின் அசைவை மெல்ல மெல்ல மந்தமாக்கும் நோய் இது, குணமாகாது, தள்ளிப்போட மருந்து உண்டு என்றார். மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எப்போதிருந்து இப்படி? ஒரு வருஷமாவது இருக்கும் என்றார் டாக்டர்.

நேராக முதல்வரிடம் போனார். தும்பியைத் திரும்பச் சேர்க்க வேண்டும், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். முதல்வர் பொறுமையாகப் படித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு பெண்ணைச் சேர்த்தாகிவிட்டது என்றார்.

"அவளை வெளிய அனுப்பச் சொல்றீங்களா மாஸ்டர்?"

கடிதம் ஒரு கோப்புக்குள் போனது. மாஸ்டர் வேறு மூன்று கல்லூரிகளில் கேட்டுப் பார்த்தார். பாதிப் படிப்பில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். ஒருவர் மட்டும் அவரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

தும்பியைத் தேடிப் போனபோது, அம்மா வேலைபார்த்த ஆஸ்பத்திரியிலேயே துணி துவைக்கும் பகுதியில் அவள் இருந்தாள். ஆவி படர்ந்த நீளமான அறை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பை மடிக்கும் வேலை. அவள் ஜோடிக்காரி நகர்ந்துகொள்ள, மாஸ்டர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் விரிப்பின் முனையைப் பிடித்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு நான் நல்லா ஓடினேன் சார். எனக்கே தெரிஞ்சுது" என்றாள் கடைசியில். "ஆனா உங்க வாட்ச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். என் காலைவிட அதைத்தான் நம்பினேன்."

"மறுபடி ஓடலாம்மா. காலையில நான் வந்து..."

"ஆறு மணிக்கு ஷிஃப்ட் சார். அம்மாவுக்கு முதுகு போச்சு, இப்ப நான் மட்டும்தான்." கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. வாசல்வரை வந்து, படி வழுக்கும், பார்த்து இறங்குங்கள் சார் என்று அவர் முழங்கையைப் பிடித்துவிட்டாள்.

அதன்பிறகு அவருக்கு ஓடுதளத்தில் வேலை இல்லை. சாமான் அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். பந்து, கயிறு, ஈட்டி எது போனது, எது வந்தது என்று பார்த்துக்கொண்டார். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. மாதம் ஒருமுறை முதல்வர் அறைக்குப் போய்க் கடிதம் என்ன ஆனது என்று கேட்பார். பார்க்கிறோம் என்பார்கள்.

ஓய்வு பெறும் நாளில் கூட்டம் வைத்தார்கள். பழைய மாணவிகள்கூட வந்திருந்தார்கள். கேடயம் கொடுத்து, நேர்மைக்கு மறுபெயர் மாஸ்டர் என்று முதல்வர் பேசினார். மாஸ்டர் மைக்குக்கு முன்னால் போய் நின்றார். தும்பிக்குத் தான் செய்த தப்பையாவது எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும் என்று வாரக்கணக்காக மனசுக்குள் பேசிப் பார்த்து வந்திருந்தார். ஆனால் நோய் அதற்குள் குரலையும் தின்றிருந்தது. உதடு அசைந்தது, மைக் இருந்தும் முன்வரிசைக்கே ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார். பேசி முடித்துவிட்டார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள்.

முன்வரிசையில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் நின்ற பெண், சார் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணைப் பத்திச் சொல்றார்" என்றாள் மனைவி. "இன்னும் முடிக்கலை."