பூட்டிடம் சொன்ன வார்த்தை

மெட்ரோ மல்லேஸ்வரத்தைத் தாண்டியதும் பக்கத்து இருக்கைப் பெண் ஃபோனை ஸ்பீக்கரில் வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். எட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம்தான். எனக்கு அது உண்டு. திரையில் எஸ்தர் அக்கா. தலை முழுக்க வெளுத்துவிட்டது, கண்ணில் அதே குறும்பு. "உங்க பூட்டு காமெடி எப்படி வந்துச்சு மேடம்?" என்று யாரோ கேட்க, "அதுவா? வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு நானே புடிச்சதும்மா" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன்.

பூட்டு காமெடியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, நாலு படி இறங்கி, திரும்ப வந்து இன்னொரு தடவை இழுத்து, அதனிடம் பணிவாக "வீட்ட பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவது. அவ்வளவுதான். சர்ச் ஹாலில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆரம்பித்தவர், பிறகு நான் இருந்த தமிழ் நாடகக் குழு, கன்னட நாடகம், சினிமாவில் வாயாடி வேலைக்காரி, சீரியலில் கொடுமைக்கார மாமியார், குக்கர் விளம்பரம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். இப்போது ஒரு நிமிட வீடியோக்கள். வேஷம் எதுவானாலும் பூட்டு கூடவே போனது. ஒரு படத்தில் ஃபிரிட்ஜை இழுத்துப் பார்ப்பார், இன்னொன்றில் கோழிக்கூண்டை.

அது எங்கள் வீட்டுப் பூட்டு. அடுகோடியில் ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே ஒற்றை அறை வீடு. மழைக்காலத்தில் அம்மா பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவாள்; எண்ணெயும் துருவும் கலந்த அந்த வாசனை சாவியைத் தொட்டவர் கையிலெல்லாம் இருக்கும். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், பகலில் தூங்குவார். கடைக்குக் கிளம்பும்போது அம்மா அவரிடம் "வீட்ட பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு எட்டு வயதில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அம்மா பூட்டிடம் சொல்ல ஆரம்பித்தாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. தெரியும்.

இருபது வயதில் சிவாஜிநகர் பக்கம் அந்தத் தமிழ் நாடகக் குழுவில் சேர்ந்தேன். நடிப்பு சுட்டுப் போட்டாலும் வராது. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகைக்குத் தாமதமாக வந்தவர் தன் வீட்டு மனிதர் ஒருவரை நடித்துக் காட்ட வேண்டும், அதுதான் அபராதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் சேர்ந்து கிளம்பினோம். அவள் பூட்டுக்காகப் பாதி வழியில் திரும்பிப் போனதில் என் பஸ் போய்விட்டது. அந்த எரிச்சலோடு போனவள் யாரை நடித்துக் காட்டியிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா? எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல். தலை கால் புரியவில்லை.

எஸ்தர் அக்கா மட்டும் சிரிக்காமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத நான் வச்சுக்கட்டுமா கண்ணு?"

"எங்கம்மா நாடகம் பாக்க வருவாங்கக்கா."

"அவங்க வர்ற அன்னிக்குப் பண்ண மாட்டேன். சத்தியம்."

நம்பினேன். நம்பித்தான் அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அன்றைக்கு மழை, கூட்டமும் மந்தம். இரண்டாவது காட்சியில், வசனப் புத்தகத்தில் இல்லாத ஓர் இடத்தில், எஸ்தர் அக்கா வாசல் பக்கம் திரும்பினார். எடுத்துக் கொடுக்க என்னிடம் வரி எதுவும் இல்லை. இழுத்தார், இறங்கினார், திரும்பி வந்தார். "வீட்ட பாத்துக்கங்க." ஹால் அதிர்ந்தது. திரை இடுக்கு வழியாக அம்மாவைப் பார்த்தேன். சுற்றிலும் சிரித்தவர்களோடு சேர்ந்து அவளும் சிரிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

"ஹால் தூங்கிட்டிருந்துச்சு கண்ணு, என்னைய என்ன பண்ணச் சொல்றே?" என்றார் அக்கா, முகப் பவுடரைத் துடைத்தபடி. அவருக்கு அது நிஜமாகவே நியாயமாகப் பட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டு வாசலில் அம்மா செருப்பைக் கழற்றும்போது, "உங்க எஸ்தரு நல்லா பண்றா" என்றாள். மறுநாள் காலை சாவியை என் கையில் கொடுத்தாள். "இனிமே நீயே பூட்டு."

கடைசிவரை அவள் அந்தப் பூட்டைத் தொடவில்லை. வெளியே கிளம்பினால் நான் பூட்டி முடிக்கும்வரை தெருவைப் பார்த்து நிற்பாள். நான் எத்தனை தடவை இழுத்தேன் என்றுகூடக் கேட்க மாட்டாள்.

அன்று ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பேட்டிக்குக் கீழே "இது என் அம்மா" என்று டைப் செய்தேன். "அத எனக்குக் குடுத்தது யாரு?" என்று அக்கா திருப்பிக் கேட்டால்? அழித்துவிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும்.

அடுகோடி வீட்டை இடித்தாகிவிட்டது. இப்போதைய ஃபிளாட்டில் கதவு தானே பூட்டிக்கொள்கிறது, இழுத்துப் பார்க்க ஒன்றுமில்லை. அம்மாவின் குரலை நாங்கள் எதிலும் பதிந்து வைக்கவில்லை. அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும்போல் இருந்தால் எஸ்தர் அக்காவின் வீடியோவைத்தான் போட வேண்டியிருக்கிறது. அம்மாவின் ராகம் அப்படியே இருக்கிறது. ஆனால் வார்த்தை முடிவதற்குள் சிரிப்புச் சத்தம் வந்துவிடுகிறது.